செட்டிநாட்டு மாடல் ரயில் கட்டடங்கள்: எங்கே அளவு தப்புகிறது, எப்படிச் சரிசெய்வது

லேஅவுட்டில், அதாவது மாடல் ரயில் ஓடும் மேடையில், வைத்த கட்டடம் சரியில்லை என்று தோன்றினால் முதல் பழி ஸ்கேல் (அசலைச் சுருக்கும் விகிதம்) மேல்தான் விழும். கிட்டு (ஒட்டிக் கட்டும் பாகங்களின் தொகுப்பு) தப்பு, பெட்டியில் எழுதியது பொய் என்று முடிவுகட்டி, அடுத்த கிட்டுக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். பல நேரம் ஸ்கேல் சரியாகவே இருக்கும். சுவரின் தடிமன், தரையில் உட்காரும் விதம், பெயின்டின் பளபளப்பு என்று வேறெங்கோ இருக்கும் கோளாறு. எனவே பசையைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள்.

செல்போனைத் தலைகீழாகத் திருப்பிக் கேமரா கண் தரையை ஒட்டி வருமாறு பிடித்து, கட்டடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு படம் எடுங்கள். ஹெச்.ஓ. ஸ்கேலில், அதாவது 1:87-இல், நிற்கும் ஆளின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 17 மி.மீ. உயரத்தில் இருக்கும். மேலிருந்து குனிந்து பார்க்கும்போது மறைந்துகிடந்த பிழை இந்தப் படத்தில் வெளியே வந்துவிடும். அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் சரியாகவும் வண்ணத்தில் பொம்மையாகவும் தெரிந்தால் கோளாறு பெயின்டில். இரண்டிலும் தப்பாகத் தெரிந்தால் வடிவத்தில்.

இனி அறிகுறிகளைப் பார்ப்போம். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லா அளவும் ஹெச்.ஓ. கணக்கு: ஓர் அடிக்கு 3.5 மி.மீ. ஓ.ஓ. (1:76) என்றால் ஓர் அடிக்கு 4 மி.மீ., ‘என்’ (N) ஸ்கேல் (1:160) என்றால் 1.9 மி.மீ.

வீடு பக்கத்து ஆளை விடப் பெரிதாக, அல்லது சிறிதாகத் தெரிகிறது

கதவை அளந்து ஸ்கேல் கண்டுபிடிக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். செட்டிநாட்டில் அது செல்லாது. ஒரே வீட்டில் முகப்பு நிலைவாசல் ஓங்கி நிற்கும். பின்கட்டுக் கதவில் குனிந்துதான் நுழைய வேண்டும். மாடி உயரமும் வீட்டுக்கு வீடு மாறும். கட்டியவரின் செல்வாக்கைக் காட்டும் அளவுகள் இவை, இவற்றை நம்பாதீர்கள்.

மனித உடம்பு தொடும் இடங்களை அளக்கவும். படிக்கட்டின் ஒரு படி, மாடிக் கைப்பிடி, பெஞ்சின் உட்காரும் பலகை. காசு எவ்வளவு இருந்தாலும் இவை அதிகம் மாறாது. படி 7 அங்குலம் என்றால் ஹெச்.ஓ.வில் 2 மி.மீ., ஓ.ஓ.வில் 2.3 மி.மீ. ஒரு படியை மட்டும் அளந்தால் காலிபரே (நுண்ணளவுக் கருவி) ஏமாற்றிவிடும். பத்துப் படியின் மொத்த உயரத்தை அளந்து பத்தால் வகுக்கவும். மூன்றடிக் கைப்பிடி ஹெச்.ஓ.வில் 10.5, ஓ.ஓ.வில் 12, என் ஸ்கேலில் 5.7 மி.மீ. ஒன்றரை அடி பெஞ்சு 5 மி.மீ.க்குச் சற்று மேல்.

கணக்கு சுலபம்: அசல் மி.மீ.யை மாடல் மி.மீ.யால் வகுக்கவும். மூன்றடி 914 மி.மீ.; கிட்டின் கைப்பிடி 12.1 மி.மீ. வந்தால் 75.5, அது ஓ.ஓ. கிட்டு. 9.1 வந்தால் 1:100. ஐரோப்பாவிலிருந்து வரும் சில கட்டடக் கிட்டுகளில் ஹெச்.ஓ. என்றே அச்சிட்டிருக்கும், ஆனால் வீட்டு லேஅவுட்டில் இடம் மிச்சமாகட்டும் என்று ஏறக்குறைய 1:100-க்குச் சுருக்கியிருப்பார்கள். அவற்றைப் பின்வரிசையில் வைத்தால் குற்றமில்லை. பிளாட்பாரத்தை ஒட்டி, ஆள் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஹெச்.ஓ.வுக்கும் ஓ.ஓ.வுக்கும் தண்டவாள இடைவெளி ஒன்றே, 16.5 மி.மீ. அதனால் கடையில் இரண்டும் கலந்தே கிடக்கும். கட்டடத்தில் 14 சதவீத வித்தியாசம் உண்டு. தனித்து நிற்கும் தண்ணீர்த் தொட்டி, குடோன், கோயில் மதில் போன்றவற்றில் அது தெரியாது. ஆள் நிற்கும் முகப்பிலும் டிக்கெட் ஜன்னலிலும் தெரியும்.

அளவெல்லாம் சரி, ஆனாலும் வீடு ராட்சதமாக நிற்கிறதா? பக்கத்தில் நிற்கும் பனைமரத்தை அளந்துவிடுங்கள். கடையில் கிடைக்கும் 10 செ.மீ. மரம் ஹெச்.ஓ.வில் 28 அடிதான். அறுபது அடிப் பனை 21 செ.மீ. வர வேண்டும். மரத்தை வளர்த்தால் வீடு தானாக அடங்கும். சீமைக் கருவேலம் மட்டும் 5 செ.மீ. போதும்.

அச்செடுத்து ஒட்டும் கிட்டு எல்லாப் பக்கமும் கொஞ்சம் சின்னதாக வருகிறது

பிரின்டர் அமைப்பில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பது தேர்வாகியிருக்கும். அது ஏ4 ஓரத்துக்குள் படத்தை அடக்குவதற்காகச் சில சதவீதம் சுருக்கிவிடும். நூறு சதவீதம் என்று மாற்றி, மூலையில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு, அடிக்கோலை வைத்து அளந்து பாருங்கள். பிரின்ட் போட்டுத்தரும் கடையில் கொடுத்தால் இதை வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே வழக்கமே பொருத்தி அடிப்பதுதான்.

வளவு வீட்டைச் சுருக்கினேன், குட்டையாகப் பரிதாபமாக நிற்கிறது

இது செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல். நடுவில் முற்றத்தோடு கூடிய கட்டு (வளவு) வைத்து, முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள் இவை. அறுபதுக்கு நூற்றிருபது அடி வீடு 21 செ.மீ. அகலம், 42 செ.மீ. நீளம் வரும். இருநூறு அடி வீடு 70 செ.மீ. கானாடுகாத்தான் தெருவில் ஒரு பக்கத்தை முழு அளவில் வைத்தால் அறையில் ரயிலுக்கு இடமிருக்காது. ஆகவே சுருக்கத்தான் வேண்டும். எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் சுருக்குவதுதான் தவறு.

உயரத்தில் கை வைக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கதவு, ஜன்னல், படி, தூணின் பருமன் எல்லாம் முழு ஸ்கேலில் இருக்கட்டும். குறைக்க வேண்டியது எண்ணிக்கையை. முகப்பில் தூண்களுக்கு நடுவே ஒன்பது இடைவெளி இருந்தால் ஏழு ஆக்கலாம், ஐந்து ஆக்கலாம். ஆறு ஆக்கினால் நட்டநடுவில் தூண் வந்து நிலைவாசலை மறிக்கும். ஒற்றைப்படை எண்ணை விடாதீர்கள். அடுத்து ஆழத்தை வெட்டுங்கள். முகப்பு, பட்டாலை (கூடம்), முதல் வளவு இருந்தால் போதும்; இரண்டாம் கட்டும் அடுப்படியும் போய்விடலாம்.

ஆனால் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு முற்றமாவது திறந்திருக்க வேண்டும். ஓட்டுக்கூரை நடுவில் ஓட்டை இல்லாமல் முழுப் பாளமாக இருந்தால் அது வீடாகத் தெரியாது, அரிசி ஆலையாகத் தெரியும். 40 மி.மீ. சதுரம், அதாவது ஏறக்குறைய பதினொன்றரை அடி, குறைந்தபட்சம். கூரையின் சரிவு நான்கு பக்கமிருந்தும் முற்றத்துக்குள் இறங்கட்டும்.

பின்திரையை ஒட்டிய வரிசைக்கு 40 முதல் 60 மி.மீ. ஆழமுள்ள முகப்பு மட்டும் போதும். தூரம் காட்டுவதற்காக என் ஸ்கேல் வீட்டைப் பின்னால் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹெச்.ஓ. வீட்டிலிருந்து என் ஸ்கேல் வீட்டுக்கு நேராக ஒரு தெரு ஓடினால் கண் அதைப் பிடித்துக்கொண்டே போய் ஏமாற்றைக் கண்டுபிடித்துவிடும். நடுவில் ஓர் ஊரணிக் கரையையோ மரக்கூட்டத்தையோ வைத்து அந்தப் பார்வையை அறுத்துவிடுங்கள்.

சுவர் அட்டையாகத் தெரிகிறது

மேல்நாட்டு மாடல் வழிகாட்டிகள் ‘சுவர் தடித்துவிட்டது, மெலிதாக்கு’ என்று சொல்லும். இங்கே நிலைமை தலைகீழ். பழைய செட்டிநாட்டுச் சுவர் ஒன்றரை அடி, சில இடங்களில் அதற்கு மேலும் இருக்கும். ஒன்றரை அடி என்றால் 5.25 மி.மீ. லேசர் வெட்டில் வரும் 2 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய) பலகை அசலில் 17 செ.மீ.தான், ஏழு அங்குலம்கூட இல்லை. ஜன்னல் சட்டம் சுவரின் வெளிப்பரப்போடு ஒட்டி நிற்பதும், திறப்பின் ஓரத்தில் நிழல் விழாததும்தான் அட்டைத் தோற்றத்துக்குக் காரணம்.

முழுச் சுவரையும் தடிமனாக்கத் தேவையில்லை. திறப்புகளின் உட்பக்கத்தில் மட்டும் 3 மி.மீ. அகல அட்டைப் பட்டையைச் செங்குத்தாகச் சுற்றி ஒட்டுங்கள், 2 மி.மீ. பலகையோடு சேர்ந்து 5 வந்துவிடும். அந்தப் பட்டையின் பின்விளிம்பில் ஜன்னலை ஒட்டவும். மூலைகளில் பலகைப் பற்கள் கோத்த தடம் தெரிந்தால், பட்டி வைத்து 400, பிறகு 800 எண் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும்.

செங்கல் பதித்த தாளை எடுத்து வைத்துவிடுங்கள். இந்த ஊர் வீடுகளின் பெருமையே சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பு. செங்கல் வெளியே தெரிந்தால் சுவர் பெயர்ந்துகிடக்கிறது என்று பொருள். பாழடைந்த மூலை ஒன்றைக் காட்ட ஓர் அங்குலத் துண்டு போதும். பூச்சுக்கு மெல்லிய பட்டியை மூன்று கை பூசி, ஒவ்வொரு முறையும் தேய்க்கவும். பிரஷ் கோடு 0.3 மி.மீ. ஆழம் இருந்தாலும் அசலில் ஓர் அங்குலப் பள்ளம்.

ஜன்னல் கம்பி அடுத்த இடறல். அசலில் 12 மி.மீ. இரும்புக் கம்பி ஸ்கேலில் 0.14 மி.மீ. முப்பரிமாண பிரின்டரில் சாதாரண 0.4 மி.மீ. முனையில் வரும் கம்பி 35 மி.மீ. உலக்கை, சிறைக்கூண்டு போல இருக்கும். மோட்டார் காயில் கட்டும் கடையில் 38 எண் செப்புக் கம்பி கேளுங்கள். அது 0.15 மி.மீ. ஒரு சட்டத்தில் 1.15 மி.மீ. இடைவெளியில், அதாவது அசலில் நாலு அங்குலத்தில், செங்குத்தாகச் சுற்றி, பசை வைத்துக் காய்ந்த பிறகு பின்பக்கத்தை அறுத்துவிடவும். இழுத்துக் கட்டாமல் சுற்றினால் வெயிலில் தொய்ந்துவிடும்.

கூரை, கோடு போட்ட தாள் போல இருக்கிறது

நாட்டு ஓட்டின் உருட்டும் அதன் கீழ் விழும் நிழலும் அச்சில் வராது, புடைப்பு வேண்டும். உங்கள் தெரு ஓட்டின் வரிசை இடைவெளியை அளந்து 87ஆல் வகுங்கள். ஐந்து அங்குலம் என்றால் 1.46 மி.மீ. எம்10 மரை போட்ட கம்பியின் மரை இடைவெளி 1.5 மி.மீ. ஹார்டுவேர் கடையில் அதை ஒரு முழம் வாங்கி, ரப்பர் பாய் மேல் தடித்த அலுமினியத் தாளைப் பரப்பி, அழுத்தி ஒரே ஓட்டமாக உருட்டினால் வரி வரியாக விழுந்துவிடும். மரை சாய்ந்திருப்பதால் வரிகளும் கம்பிக்கு நேர் செங்குத்தாக இல்லாமல் மூன்று பாகை சாய்ந்து விழும். தாளை வெட்டும்போது கம்பியைப் பார்க்காமல் விழுந்த வரியைப் பார்த்துச் சதுரம் எடுங்கள். இல்லாவிட்டால் கூரை முழுதும் ஒரு பக்கம் ஒதுங்கும்.

இதே வித்தை தகரக் கொட்டகைக்கும் உதவும். மூன்று அங்குல நெளிவுத் தகரத்துக்கு எம்5 கம்பி (0.8 மி.மீ.), ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு எம்12 (1.75 மி.மீ.). ரயில்வே கட்டடத்தில் சீமை ஓடு என்றால் இது பொருந்தாது. அது தட்டையானது, ஏறக்குறைய 235 மி.மீ. அகலம், ஸ்கேலில் 2.7, வரிசைக்கு வரிசை 3.7 மி.மீ. அளவில் மேல்படிய ஒட்டிய தாள் பட்டைகளே போதும்.

ஓட்டை ஒரே சிவப்பில் அடிக்காதீர்கள். பழைய கூரையில் மாற்றிப்போட்ட ஓடுகள் ஆங்காங்கே வெளிறியும் கருத்தும் கிடக்கும். பத்தில் ஒன்றுக்கு நிறம் மாறினால் போதும். அதற்கு மேல் போனால் தாயக்கட்டம்.

ஆத்தங்குடித் தரை மங்கலாக வருகிறது

எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல் ஹெச்.ஓ.வில் 2.3 மி.மீ. அதை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் ஒரு கல்லுக்கு 27 புள்ளிதான். பூவும் கொடியும் கலங்கிவிடும். 600 டி.பி.ஐ., லேசர் பிரின்டர், மேட் தாள். அப்போதும் நுணுக்கமான பூவை விட்டுவிட்டு இரண்டு நிறக் கட்டம், நட்சத்திரம், ஓரப் பட்டை என்று எளிய வடிவங்களை எடுங்கள். திண்ணை ஓரத்திலிருந்து பார்த்தால் அதுதான் தெரியும்.

பிளாட்பாரத்தில் ரயில் உரசுகிறது, அல்லது ஆள் விழும் அளவுக்கு இடைவெளி

அகலப்பாதையில் தண்டவாள நடுக்கோட்டிலிருந்து பிளாட்பார விளிம்பு 1670 முதல் 1680 மி.மீ. ஸ்கேலில் 19.3. உயரமான பிளாட்பாரம் தண்டவாள மேல்மட்டத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ., ஸ்கேலில் 8.7 முதல் 9.6. பலகை மேலிருந்து அளந்து தவறு செய்பவர்கள் அதிகம். கார்க் அடுக்கு, ஸ்லீப்பர், தண்டவாளம் மூன்றின் உயரத்தையும் கூட்டி, அதன் மேல் 9 மி.மீ. வைக்கவும்.

நேர்பாதையில் இது போதும். வளைவில் இதே அளவை வைத்தால் ஐ.சி.எஃப். பெட்டி (சென்னைத் தொழிற்சாலை வகைப் பயணிகள் பெட்டி) இடிக்கும். ஸ்கேலில் பெட்டி உடல் 245 மி.மீ., போகி (பெட்டியைத் தாங்கும் சக்கரத் தொகுதி) நடுப்புள்ளிகளுக்கு நடுவே 170 மி.மீ. வளைவு ஆரம் 600 மி.மீ. என்றால் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் 6 மி.மீ., முனைகள் வெளிப்பக்கம் 6.5 மி.மீ. துருத்தும். ஆக விளிம்பு 26 மி.மீ.க்குத் தள்ளிப்போகும், துருத்தாத இடத்தில் அசலில் இரண்டடிக்கு மேல் பள்ளம். ஆரம் 1500 என்றால் துருத்தல் இரண்டரை மி.மீ.தான், 22 மி.மீ. போதும். செட்டிநாடு, கோட்டையூர் மாதிரியான சின்ன நிலையத்தை நேர்பாதையிலேயே வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

வீடு தரைக்கு மேல் மிதக்கிறது

சுவரடியில் மயிரிழைக் கோடு தெரிந்தால் கண் உடனே ‘இது வைத்த பொருள்’ என்று சொல்லிவிடும். கட்டடத்தை 2 மி.மீ. புதைக்க இடம்விட்டு, சுற்றி மண்ணை ஏற்றுங்கள்.

மண் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. காரைக்குடிச் செம்மண்ணை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, தேயிலை வடிகட்டியில் சலித்து, பிறகு துணியில் சுற்றிய காந்தத்தை நான்கைந்து முறை அதனுள் ஓட்டுங்கள். ஒட்டி வரும் கரும்பொடியைக் கொட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் என்ஜின் மோட்டாருக்குள் போய் உட்காரும். ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. முதலில் மண்ணைத் தண்ணீரால் நனைத்துவிட்டுப் பசையைச் சொட்டவும். காய்ந்த மண்ணில் நேரே விட்டால் உருண்டு குழியாகிவிடும். காய்ந்தபின் நிறம் ஒரு படி கருக்கும் என்பதால் ஆற்றுமணலை ஐந்தில் ஒரு பங்கு கலந்து வெளிறவைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் பொம்மைக்கடை

60 செ.மீ. தள்ளி நின்று பார்ப்பவர் அசலில் 52 மீட்டர் தள்ளி நிற்கிறார். அந்தத் தூரத்தில் கறுப்பு கறுப்பாக இராது, வெள்ளையும் சுத்த வெள்ளையாக இராது. எல்லா நிறத்திலும் கொஞ்சம் வெளிர்சாம்பல் கலந்து, கடைசியில் மேட் வார்னிஷ் அடிக்கவும். சுவர் வெள்ளையில் நீலம் போட்ட சாயல் ஒரு துளி போதும்.

அழுக்குக்கு இரண்டு திசை உண்டு. மழைநீரின் கருங்கறை கைப்பிடிச் சுவரிலிருந்தும் தண்ணீர்க் குழாய் வாயிலிருந்தும் கீழே இறங்கும். செம்மண் தெறிப்பு தரையிலிருந்து மேலேறி, இரண்டு மூன்றடிக்குள், ஏழு முதல் பத்து மி.மீ.யில் மங்கி முடியும். சுவர் முழுக்கப் பழுப்புப் பொடியைத் தடவினால் அது பழமையாகத் தெரியாது, ஹோட்டல் அடுப்படிச் சுவராகத் தெரியும்.

விளக்கு போட்டதும் சுவரே எரிகிறது

ஒளி சுவரை ஊடுருவாமலிருக்க உட்பக்கம் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளை அடிக்கவும். 5 மி.மீ. எல்.இ.டி. அசலில் 43 செ.மீ. பூசணிக்காய், வெளியே தெரியும் இடத்தில் 0402 அல்லது 0603 வகைச் சில்லு விளக்கு போடுங்கள். நிறம் 2700 முதல் 3000 கெல்வின். 12 வோல்ட்டில் 1 கிலோ ஓம் மின்தடை போட்டால் 9 மில்லிஆம்பியர் ஓடும், கல்யாண வீடு. 4.7 கிலோ ஓம் என்றால் 2 மில்லிஆம்பியருக்குள் அடங்கும். உள்ளறைக்கு 10 கிலோ ஓம்.

எல்லா அளவும் சரி, ஆனாலும் ஏதோ உதைக்கிறது

அப்படியென்றால் காலம் கலந்திருக்கிறது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரை போகும் பாதை நெடுங்காலம் மீட்டர்கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்). 2000களில்தான் அகலப்பாதை ஆனது. கடையில் வாங்கும் 16.5 மி.மீ. பாதை இரண்டுக்கும் பொருந்தாது. அகலப்பாதை 1676 மி.மீ., ஸ்கேலில் 19.3 வேண்டும், மீட்டர்கேஜ் 11.5 வேண்டும். மீட்டர்கேஜ் காலம் என்றால் 12 மி.மீ. பாதைக்கு மாறுங்கள், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அகலப்பாதை என்றால் 16.5-ஐ வைத்துக்கொண்டு ஜல்லியை அகலமாகப் பரப்பி, பாதையை மேடையின் முன்விளிம்புக்கு இணையாக ஓடவிடுங்கள். பக்கவாட்டில் இடைவெளி தெரியாது. முனையிலிருந்து பார்த்தால்தான் தெரியும். அந்த முனையில் ஒரு மேம்பாலத்தையோ மரத்தையோ நிறுத்திவிடலாம்.

பிறகு ஒரு வருடத்தைத் தாளில் எழுதி ஒட்டிக்கொண்டு, நிலையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாருங்கள். கம்பத்தில் கை ஏறி இறங்கும் பழைய சிக்னலும் செல்போன் கோபுரமும் ஒரே சட்டத்துக்குள் வந்தால் ஒன்று போக வேண்டும். மின்கம்பி இருந்தால் அது தண்டவாளத்துக்கு மேல் ஐந்தரை மீட்டர், 63 மி.மீ. உயரத்தில் ஓட வேண்டும். மீட்டர்கேஜ் காட்சியில் அது கூடவே கூடாது. இன்றைய நிலையம் என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தாக மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர் வேண்டும், பிளாட்பாரத்தின் இரு கோடியிலும். தேவகோட்டை ரஸ்தா என்று ஊர் சொன்னாலும் பலகைக்கு எழுத்தை உங்கள் ஞாபகத்திலிருந்து எடுக்காமல் புகைப்படத்திலிருந்து எடுங்கள்.